இங்கிலாந்தில் அலாட்மென்ட் எடுக்க இலையுதிர்காலமே நல்ல நேரம்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் கவுன்சிலோ சங்கமோ வருட வாடகைக்குக் கொடுக்கும் காய்கறித் தோட்டத் துண்டுக்கு அலாட்மென்ட் என்று பெயர். லண்டனின் வடமேற்கு ஓரத்தில் அப்படி ஒரு அரைத் துண்டு நிலம் என் கைக்கு வர நாலு வருடம் ஆனது. விவரம் தெரிந்திருந்தால் இரண்டரை வருடத்தில் வந்திருக்கும். தோட்டம் என்றால் வசந்தத்தில் தொடங்குவது என்று நினைத்து ஒவ்வொரு மார்ச்சிலும் போய் விசாரித்தேன். அதற்குள் காலியான துண்டுகள் எல்லாம் கைமாறி முடிந்திருக்கும்.

பல இடங்களில் வாடகை வருடம் செப்டம்பர் 29 அல்லது அக்டோபர் 1 அன்று பிறக்கிறது. பில் வரும்போதுதான் வயதானவர்களும் வீடு மாறியவர்களும் "இனி முடியாது" என்று சாவியைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதனால் அக்டோபரிலும் நவம்பரிலும் வரிசை நன்றாக நகரும். குழுவாக நடக்கப் போவது, கேக் சுட்டுக் கொண்டுபோய்ச் சங்கத்து மேசையில் வைப்பது எல்லாம் சூடுபிடிப்பதும் இதே மாதங்களில்தான். இவை மூன்றும் தனித்தனி என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் பகுதியில் மூன்றிலும் பெரும்பாலும் அதே முகங்கள். நிலத்துக்குக் காத்திருக்கும்போதே அவர்களோடு சேர்ந்துகொண்டால் நிலம் வரும் நாளில் உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன். சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

1. இன்றைக்கே வரிசையில் பெயர் கொடுங்கள்

அரசின் இணையதளத்தில் அலாட்மென்ட் விண்ணப்பப் பக்கம் இருக்கிறது. உங்கள் போஸ்ட்கோடைக் கொடுத்தால் எந்தக் கவுன்சில் என்று அதுவே காட்டும். லண்டனில் பரோ (நகரின் உள்ளாட்சி வட்டாரம்) கவுன்சில். சிறிய ஊர்களில் பாரிஷ் அல்லது டவுன் கவுன்சில். சில இடங்களில் கவுன்சில் பொறுப்பைத் தோட்டச் சங்கத்திடம் ஒப்படைத்திருக்கும்; அப்போது சங்கச் செயலாளரிடம் நேரடியாக எழுத வேண்டும். சர்ச் நிலத்திலும் தனியார் நிலத்திலும்கூட அலாட்மென்ட் உண்டு. அவை கவுன்சில் பட்டியலில் வராது. அதனால் உங்கள் வட்டாரத்தில் ஒரு சனிக்கிழமை நடந்துபோய் வேலிக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படியுங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு அப்படித்தான் நிலம் கிடைத்தது.

ஆவணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. முகவரிச் சான்று போதும்: கவுன்சில் டாக்ஸ் பில், இல்லையென்றால் மின்சாரம் அல்லது தண்ணீர் பில். என்னிடம் விசா விவரம் எதுவும் கேட்கவில்லை. வீட்டு பில்கள் எல்லாம் துணையின் பெயரிலேயே இருந்தால் உங்கள் பெயரில் ஒன்றை இப்போதே மாற்றி வையுங்கள். விண்ணப்பம் பெரும்பாலும் இலவசம். சில இடங்களில் சிறு பதிவுக் கட்டணம் வாங்குவார்கள்.

இப்போது நான் விழுந்த குழி. பல கவுன்சில்கள் வருடத்துக்கு ஒருமுறை "இன்னும் வரிசையில் இருக்க விருப்பமா?" என்று மின்னஞ்சல் அனுப்பும். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் போடாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். எனக்கு வந்த கடிதம் ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. ஒன்றரை வருடம் காத்திருந்த பிறகு மறுபடி கடைசியில் போய் நின்றேன். மேல்முறையீடு கேட்டேன், நடக்கவில்லை. அதனால் மூன்று காரியம் செய்யுங்கள். விண்ணப்பித்த அன்றே உறுதிக் கடிதத்தைச் சேமியுங்கள். அவர்கள் மின்னஞ்சல் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேருங்கள். ஒவ்வொரு செப்டம்பர் முதல் வாரமும் நீங்களே ஒரு வரி எழுதி உங்கள் இடம் எத்தனை என்று கேளுங்கள். வீடு மாறினாலும் உடனே தெரிவிக்க வேண்டும். பரோ எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் வரிசையில் இடம் போய்விடும்.

முழுத் துண்டு என்று கேட்காதீர்கள். பழைய அளவில் ஒரு முழுத் துண்டு 10 ராட் (rod), அதாவது ஏறக்குறைய 250 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஆறு சென்ட்டுக்கும் மேலே. வேலைக்குப் போகிறவர்களால் அதைச் சமாளிக்க முடியாது. அரை அல்லது கால் துண்டு போதும் என்று விண்ணப்பத்திலேயே குறித்தால் வரிசையும் வேகமாக நகரும்.

உங்கள் பகுதியில் அலாட்மென்ட்டே இல்லையா? 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களோ கவுன்சில் டாக்ஸ் கட்டுபவர்களோ ஆறு பேர் சேர்ந்து எழுத்து மூலம் கேட்டால் கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். உள்லண்டன் பரோக்களுக்கு மட்டும் இந்தக் கடமை இல்லை. இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், முறையான அனுமதியோடு இங்கே வசித்தால் வாக்காளராகப் பதியலாம். நம்மில் பலர் இது தெரியாமலே இருக்கிறார்கள். அலாட்மென்ட் வேண்டாம் என்றாலும் அதைச் செய்துவிடுங்கள்.

2. காத்திருக்கும் நாட்களில் நடைக் குழுவில் சேருங்கள்

ராம்ப்ளர்ஸ் என்பது 1935-இல் தொடங்கிய நடையாளர் அமைப்பு. நாடு முழுக்கக் கிளைகள். உறுப்பினராகும் முன் மூன்று நடைகள் வரை இலவசமாகப் போய்ப் பார்க்கலாம். நான் சேர்ந்தபோது ஆண்டுச் சந்தா 40 பவுண்டுக்குள் இருந்தது. சந்தாவே வேண்டாம் என்பவர்களுக்கு அவர்களே நடத்தும் வெல்பீயிங் வாக்ஸ் உண்டு. அது முற்றிலும் இலவசம், அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் பூங்காவில். முதல் நாள் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். உடல்நிலை பற்றிச் சில கேள்விகள் இருக்கும். ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்களுக்கும், ஊரிலிருந்து வந்து வீட்டிலேயே அடைந்து கிடக்கும் அப்பா அம்மாவுக்கும் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நடந்துகொண்டே பேசும்போது முகம் பார்த்துப் பேச வேண்டிய கூச்சம் இல்லை.

அறிவிப்பைப் படிக்கும்போது கவனம். ராம்ப்ளர்ஸ் நடைகளுக்குத் தரம் உண்டு: ஈஸி, லெஷர்லி, மாடரேட் என்று போகும். "லெஷர்லி" என்ற சொல்லைப் பார்த்துச் சாவகாசமான உலா என்று நினைத்து நான் போனது எட்டு மைல் நடை, அதாவது கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். முதல் தடவை "ஈஸி", ஐந்து மைலுக்குள் என்று தேர்ந்தெடுங்கள். 10 மணி என்று போட்டிருந்தால் 10 மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். 9.45-க்கு அங்கே நிற்க வேண்டும். பல நடைகள் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் ரயில் பாதைப் பராமரிப்பும் நடக்கும். முந்தின இரவே ரயிலைச் சரிபாருங்கள். கிராமங்களில் ஞாயிறு பஸ் இல்லாமலே இருக்கலாம். உங்களிடம் கார் இல்லையென்றால் ரயில் நிலையத்திலிருந்து தொடங்கும் நடைகளை மட்டும் எடுங்கள். எங்கள் பக்கத்தில் மெட்ரோபாலிட்டன் லைனில் ஏறினால் அமர்ஷம், செஷம் வரை போகலாம். இறங்கிப் பத்து நிமிடத்தில் சில்டர்ன் மலைகளின் பீச் (beech) மரக் காடு. அக்டோபர் கடைசியில் அந்த மரங்கள் செம்பு நிறமாகிவிடும். தலைக்கு மேலே பிளவுபட்ட வாலோடு சுற்றும் ரெட் கைட் என்ற செம்பருந்துகளைப் பார்க்கலாம். 1989-இல் தொடங்கி ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பறவைகளின் வழிவந்தவை அவை.

உடை விஷயத்தில் ஒன்றில் மட்டும் பணம் போடுங்கள்: கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத பூட்ஸ். தள்ளுபடியில் 45 பவுண்டுக்கு வாங்கினேன். சில்டர்ன் மண் மழைக்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் காலில் ஒட்டி ஏறும், அரை மணியில் பூட்ஸ் ஒன்று இரண்டு கிலோ கனக்கும். ஓட்டப் பயிற்சிக் காலணி வழுக்கிவிடும். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காய நாளாகும், குளிர் உள்ளே ஏறும். மதியச் சாப்பாடு நீங்களே கொண்டுபோக வேண்டும். விழுந்த மரத்தில் உட்கார்ந்து பதினைந்து இருபது நிமிடத்தில் சாப்பிட்டு எழுவார்கள். எலுமிச்சைச் சாதம் சிறப்பாக இருக்கும், இரண்டு கரண்டி கூடுதலாகவே கட்டுங்கள்.

வழியில் பறிப்பது பற்றி. காட்டுப் பழம், காளான், இலை ஆகியவற்றை வீட்டுக்காகப் பறிப்பது 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படி குற்றமாகாது. விற்கப் பறித்தால் குற்றம். ஆனால் இடத்துக்கு இடம் தனி விதி உண்டு; எப்பிங் காட்டில் காளான் பறிக்கவே கூடாது. தெரியாத காளானை எங்கேயும் தொடாதீர்கள். இன்னொன்று: பிளாக்பெரி முடிந்ததும் தரை முழுக்கப் பளபளவென்று பழுப்புக் கொட்டைகள் கிடக்கும். இரண்டு வகை உண்டு. மேல்தோட்டில் தலைமுடிபோல அடர்ந்த மெல்லிய முட்கள், கொட்டையின் நுனியில் சிறு வால் இருந்தால் அது ஸ்வீட் செஸ்ட்நட், சுட்டுச் சாப்பிடலாம். மேல்தோட்டில் அங்கொன்று இங்கொன்றாகத் தடித்த முட்கள், கொட்டை வாலில்லாமல் உருண்டை என்றால் அது ஹார்ஸ் செஸ்ட்நட். பிள்ளைகள் கான்கர் என்று விளையாடுவது அதைத்தான். விஷம். குழந்தைகளோடு போனால் இதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

3. ஒரு கேக் கற்றுக்கொள்ளுங்கள்

தோட்டச் சங்கங்கள் இந்தக் காலத்தில் எதையாவது நடத்திக்கொண்டே இருக்கும்: அறுவடை விருந்து, அக்டோபர் 21-ஐ ஒட்டி ஆப்பிள் நாள், தேநீரும் கேக்கும் வைத்து நிதி திரட்டல். உறுப்பினர் அல்லாதவர்களும் வரலாம் என்று அறிவிப்பில் இருந்தால் போங்கள், கையில் ஏதாவது கொண்டுபோங்கள். நான் முதலில் கொண்டுபோனது ஆப்பிள் கேக். ரொம்பச் சுலபம் என்பதால் முறையையே சொல்கிறேன்.

225 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு, 115 கிராம் குளிர்ந்த வெண்ணெய். இரண்டையும் விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்துப் புட்டு மாவு பதத்துக்குக் கொண்டுவாருங்கள். நம் கைக்கு அது பழகிய பதம்தான். 115 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பட்டைத் தூள். ஒரு முட்டையை அடித்து ஊற்றி, ஆறு மேசைக்கரண்டி பால் விட்டுக் கிளறினால் கரண்டியிலிருந்து மெதுவாக விழும் மாவு கிடைக்கும். கடைசியில் 225 கிராம் பிராம்லி ஆப்பிளைத் தோல் சீவிச் சிறு துண்டாக்கிச் சேருங்கள். 20 சென்டிமீட்டர் தட்டில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். முட்டை வேண்டாம் என்றால் மூன்று மேசைக்கரண்டி தயிர். நான் பெரும்பாலும் அப்படியே செய்கிறேன்.

இதில் மூன்று இடத்தில் தவறு வரும். மாவில் பிளெய்ன், செல்ஃப் ரெய்சிங், ஸ்ட்ராங் என்று வகைகள் உண்டு. ஸ்ட்ராங் ரொட்டிக்கு, பிளெய்னில் பேக்கிங் பவுடர் இல்லை, கேக் எழாது. இரண்டாவது, விசிறி ஓவன் என்றால் 20 டிகிரி குறைக்க வேண்டும். பழைய கேஸ் ஓவனில் எண் 4 என்பதுதான் 180 டிகிரி. மூன்றாவது, பிராம்லி என்பது சமைக்கும் ஆப்பிள். பச்சையாகக் கடித்தால் மாங்காய்ப் புளிப்பு. கேக்குக்கு அந்தப் புளிப்புதான் ருசி. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அக்டோபரில் வீட்டு வாசல்களில் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கூடையில் வைத்திருப்பார்கள்.

காரம் செய்து கொண்டுபோவதாக இருந்தால் ஒவ்வாமைச் சீட்டு எழுதுங்கள். இங்கே உணவு விதிகளில் 14 ஒவ்வாமைப் பொருட்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. கடுகும் எள்ளும் அதில் உண்டு! நம் தாளிப்பு முழுக்க அதுதான். பெருங்காயத் தூளில் கோதுமை மாவு கலந்திருக்கும், அதனால் வடையும் குளுட்டன் பட்டியலில் வந்துவிடும். முந்திரி, நிலக்கடலை, பால் என்று பார்த்துப் பார்த்து ஒரு சின்னச் சீட்டில் எழுதித் தட்டோடு வைத்துவிடுங்கள். எப்போதாவது சங்கத்துக்கு வீட்டில் செய்து கொடுப்பதற்கு உணவு வியாபாரமாகப் பதிவு செய்யத் தேவையில்லை. வாராவாரம் விற்கத் தொடங்கினால் தேவை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மேசையிலிருந்து எடுக்கும்போது கேளுங்கள். பேஸ்ட்ரியில் லார்ட், அதாவது பன்றிக் கொழுப்பு இருக்கலாம். நவம்பர் கடைசியில் வரும் மின்ஸ் பை, கிறிஸ்துமஸ் புட்டிங்கில் சூவெட் என்று மாட்டுக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. தாவரச் சூவெட்டும் கடையில் கிடைக்கிறது. பலர் இப்போது அதையே போடுகிறார்கள். கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த மேசையருகில்தான் எனக்கு உதவியாளர் முறை பற்றித் தெரியவந்தது. சில சங்கங்களில், முழு நிலத்தையும் பார்த்துக்கொள்ள முடியாத மூத்த உறுப்பினரோடு வரிசையில் இருப்பவர் உதவியாளராகப் பதிந்துகொள்ளலாம். வரிசையில் உங்கள் இடம் மாறாது, ஆனால் மண்ணில் கை வைக்கலாம், விளைந்ததில் பங்கும் கிடைக்கும். கட்டாயம் செயலாளரிடம் பதிந்துகொள்ளுங்கள். பதியாமல் யாராவது "பாதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், வாடகையை என்னிடம் கொடுங்கள்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது உள்வாடகை. இருவருக்கும் நிலம் போய்விடும்.

4. சாவி வாங்கும் நாள்

அழைப்பு வந்தால் பதில் சொல்ல ஒன்றிரண்டு வாரம்தான் தருவார்கள். போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நிழல் விழும் பெரிய மரம் தெற்கே இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு தூரம், கார் எங்கே நிற்கும் என்று பாருங்கள். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் வரிசையில் இடம் போகுமா, போகாதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆன செலவு: அரைத் துண்டுக்கு வருட வாடகை 54 பவுண்டு, தண்ணீர் அதிலேயே சேர்த்தி, வைப்புத்தொகை 50, கேட் சாவி 10, சங்கச் சந்தா 6. மொத்தம் 120. கருவிகளைப் பழைய பொருள் விற்பனையில் 35 பவுண்டுக்கு எடுத்தேன். முள்மண்வெட்டி (கார்டன் ஃபோர்க்), மண்வெட்டி, ஒரு வாளி, தடித்த கையுறை போதும். முதல் பருவ விதைப் பொருளுக்கு 14. உங்கள் கவுன்சிலில் வாடகை இதில் பாதியாகவும் இருக்கலாம், இரண்டு மடங்காகவும் இருக்கலாம். ஓய்வூதியர்களுக்கும் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் பல இடங்களில் சலுகை உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

ஒப்பந்தத்தில் இவற்றைத் தேடிப் படியுங்கள்: சோதனைக் காலம் எவ்வளவு, அதற்குள் எத்தனை சதவீதம் பயிரிட வேண்டும், கொட்டகை, பாலிடன்னல் (பிளாஸ்டிக் தாள் போர்த்திய வளைவுக் குடில்) போடலாமா, நெருப்பு மூட்ட அனுமதி எந்த மாதங்களில், தண்ணீர் விட ரப்பர் குழாய் (ஹோஸ்) வைக்கலாமா. 1950-ஆம் ஆண்டுச் சட்டம் கோழியும் முயலும் வளர்க்க அனுமதிக்கிறது, வியாபாரத்துக்கு இல்லாதவரை. சேவல் மட்டும் கூடாது.

ஊருக்குப் போகிற நம் போன்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜூலை ஆகஸ்டில் ஆறு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் துண்டு முழுக்க இடுப்பளவு களை நிற்கும், பயிரிடவில்லை என்ற எச்சரிக்கைக் கடிதமும் வந்திருக்கும். முடிந்தவரை டிசம்பர் ஜனவரியில் போங்கள். கோடையில்தான் போக வேண்டும் என்றால் கிளம்பும் முன் செயலாளருக்கு எழுதிவிட்டு, தண்ணீர் விட ஓர் ஆளைச் சொல்லி வையுங்கள்.

முதல் நாளே துண்டின் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். பழையவர் விட்டுப்போன உடைந்த கண்ணாடி, டயர், மக்கிய கம்பளம் இருக்கும். பழைய கொட்டகைக் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கலாம். அதை நீங்கள் கழற்றவே கூடாது. படத்தோடு ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நான் வாய்மொழியாகச் சொன்னேன். பிறகு அந்தக் குப்பை என்னுடையதாகிவிட்டது, ஏழு தடவை குப்பைக் கிடங்குக்கு அலைந்தேன்.

5. முதல் ஆறு வாரம்: அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும். அன்று லண்டனில் மாலை 5 மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். வார நாட்களில் வேலை முடித்துப் போகலாம் என்ற கணக்கெல்லாம் அதோடு முடிந்தது. சனி, ஞாயிறு காலை மட்டும்தான் கையில் இருக்கும். அதனால் முழு நிலத்தையும் கொத்த நினைக்காதீர்கள். மூன்று மீட்டருக்கு நாலு மீட்டர் ஒரு பாத்தி, அது போதும். மீதியைப் பெரிய அட்டைகளால் மூடி மேலே கறுப்பு பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கல் வையுங்கள். சைக்கிள் கடையில் கேட்டால் பெரிய அட்டைப் பெட்டிகளைச் சும்மா தருவார்கள். ஒட்டு நாடாவை உரித்துவிட்டுப் போடுங்கள். கம்பளம் போட்டு மூடப் பல இடங்களில் தடை.

ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் இயந்திரம்) வாடகைக்கு எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், ஒரு நாளுக்குக் கொடுத்த காசைவிட அதன் விளைவுக்குத்தான் அதிகம் கொடுத்தேன். பைண்ட்வீட் என்று ஒரு கொடி இருக்கிறது. அதன் வேர் தடித்த இடியாப்ப இழை மாதிரி வெள்ளை வெளேரென்று மண்ணுக்குள் ஓடும், தொட்டாலே பட்டென்று ஒடியும். ஒடிந்த ஒவ்வொரு துண்டும் புதிய கொடியாக முளைக்கும். ரோட்டவேட்டர் அதை நூறு துண்டாக நறுக்கி நிலம் முழுக்க விதைத்துவிட்டது. அடுத்த மே மாதம் என் பூண்டைச் சுற்றிலும் அதுதான்.

கையால் எடுக்கும் முறை இது. முள்மண்வெட்டியை நேராக இறக்கி மண்ணை நிமிர்த்துங்கள், வெட்டாதீர்கள். கட்டியைக் கையில் எடுத்து உதறுங்கள். வெள்ளை இழை தெரிந்தால் அதன் போக்கிலேயே மெல்ல இழுங்கள்; இழுவைக்கு வராமல் இறுகினால் நிறுத்தி, மறுபடி அடியில் முள்ளை விட்டுத் தளர்த்துங்கள். எடுத்த வேரை மட்குக் குழியில் போடாமல் ஒரு வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து அழுக விடுங்கள். ஒரு காலையில் இரண்டு சதுர மீட்டர் முடிந்தால் நல்ல வேலை. என் பக்கத்துத் துண்டுப் பெரியவர் இதை எனக்குச் செய்து காட்டினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய தலையணை போட்டுக்கொண்டு ஒரு வேரைக் கைநீளத்துக்கு ஒடியாமல் உருவினார். அன்றுதான் எனக்கு அவசரம் போனது.

அந்தச் சிறு பாத்தியில் இந்தப் பருவத்துக்கு மூன்று பயிர். பூண்டு: பல் பிரித்து, கூர் மேலே இருக்க, மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் மூட, பல்லுக்குப் பல் 15 சென்டிமீட்டர். குளிர் பட்டால்தான் பூண்டு பல் பலாகப் பிரியும், அதனால் இப்போதே நட வேண்டும். ஜூன் ஜூலையில் அறுவடை. கடைப் பூண்டை நடாதீர்கள். அது இந்தத் தட்பவெப்பத்துக்கான ரகமாக இருக்காது, நோயும் கூட வரும். நடுவதற்கென்று விற்கும் பூண்டை வாங்குங்கள். குளிர் வெங்காயம்: ராடார், சென்ஷியூ என்ற ரகங்கள், 10 சென்டிமீட்டர் இடைவெளி. நுனி மட்டும் வெளியே தெரிய வேண்டும். பறவைகள் பிடுங்கிப் போடும், வலை போடுங்கள். மூன்றாவது பிராட் பீன்ஸ்: அக்வாடல்ஸ் கிளாடியா ரகத்தை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக. ஜூன் வாக்கில் காய்க்கும், பொரியலுக்கு அருமை. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைப் பாதிக்கும் பரம்பரைக் குறைபாடு) உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இந்த பீன்ஸைத் தவிர்க்க வேண்டும். நம்மவர்களிடமும் அந்தக் குறைபாடு உண்டு.

டெட்டனஸ் தடுப்பூசி முழுதாகப் போட்டிருக்கிறீர்களா என்று ஜிபி கிளினிக்கில் கேட்டுவிட்டே மண்ணில் இறங்குங்கள். ஊரில் போட்ட அட்டை இருந்தால் கொண்டுபோங்கள். சருகுக் குவியலைக் கொளுத்த அனுமதி இருந்தால், கொளுத்துவதற்குச் சற்று முன் குவியலை வேறு இடத்துக்கு மாற்றிப் போடுங்கள். முள்ளெலிகள் அதற்குள் உறங்கப் போயிருக்கும்.

6. உரமும் விதையும்: ஏமாறும் இரண்டு இடங்கள்

இலையுதிர்காலத்தில் குதிரைச் சாணம் இலவசம் என்று வண்டியோடு வருவார்கள். உடனே பரப்பாதீர்கள். மேய்ச்சல் புல்லில் தெளிக்கும் அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி குதிரை வயிற்றைத் தாண்டியும் சாணத்தில் தங்கும். அந்த உரம் பட்ட தக்காளி, பீன்ஸ், உருளை எல்லாம் இலை சுருண்டு போகும். சோதிப்பது சுலபம். கடையில் வாங்கிய மட்கு மண்ணோடு சாணத்தைக் கலந்து இரண்டு தொட்டி, வெறும் மட்கு மண்ணில் இரண்டு தொட்டி. நாலிலும் பிராட் பீன்ஸ் ஊன்றி ஜன்னலோரம் வையுங்கள். மூன்று நாலு வாரத்தில் சாணத் தொட்டியில் இலை கிண்ணம்போல் குவிந்தாலோ சுருண்டாலோ அந்தச் சாணம் வேண்டாம்.

விதை. அம்மா மடித்துக் கொடுத்த அவரை விதை, கீரை விதையைப் பெட்டியில் கொண்டுவர எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நடுவதற்கான விதை கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கைப்பையில் சிறு பொட்டலம் என்றாலும் அதே விதிதான். நம் காய்கறி விதைகள் பலவும் இங்கேயே ஆசியக் கடைகளிலும் விதை நிறுவனங்களிலும் கிடைக்கின்றன. வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, பூசணி திறந்தவெளியில் கோடையில் நன்றாக வரும். சுரை, பாகல், மிளகாய்க்குக் கண்ணாடிக் குடிலோ பாலிடன்னலோ தேவை. கறிவேப்பிலைத் தொட்டியை அங்கே விட்டு வைக்காதீர்கள், முதல் உறைபனியில் போய்விடும்.

7. நவம்பர் முடிவதற்குள்

குழாய் வெடிக்காமலிருக்கப் பல இடங்களில் நவம்பரில் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். தேதியை அறிவிப்புப் பலகையில் பார்த்து அதற்கு முன் பீப்பாயை நிரப்பிக்கொள்ளுங்கள். கருவிகளைக் கழுவி எண்ணெய் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். குளிர்காலத்தில் கொட்டகைத் திருட்டு உண்டு. வேர் மட்டுமாக விற்கும் பழமரக் கன்றுகள் நவம்பரிலிருந்து மார்ச் வரை கிடைக்கும், தொட்டிச் செடியைவிட மலிவு. மரம் வைக்க ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேக் சுட வாங்கும் முட்டையின் அட்டைப் பெட்டிகளைத் தூக்கி எறியாதீர்கள். ஜனவரி கடைசியில் சங்கக் கடைக்கு விதை உருளைக்கிழங்கு வரும். கண்கள் மேலே பார்க்க ஒவ்வொரு குழியிலும் ஒன்றாக வைத்து, வெளிச்சமும் குளுமையும் உள்ள ஜன்னலோரம் முளைகட்ட அந்தப் பெட்டிதான் வேண்டும். அரைத் துண்டு நிலத்துக்கு ஆறு பெட்டி சேர்த்தால் போதும்.